ஏழு பேராக வந்தவள்

அந்த அக்டோபரில் புள்ளியியல் வகுப்புக்கு நான் ஏழு பேராகப் போய்க்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் பக்கத்தில் அக்டோபர் பிறந்தால் பீட் அறுவடை. சர்க்கரை எடுக்கிற வெள்ளைக் கிழங்கு. ரெட் ரிவரின் இரு கரையிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் அதுதான். நிலம் உறைவதற்குள் அத்தனையையும் தோண்டி எடுத்து மலை மலையாகக் குவித்துவிட வேண்டும். லாரிகள் ஓயாமல் ஓடும். பல் டாக்டர், பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லித்தருகிறவர், பாதிரியாரின் தம்பி என்று உரிமம் வைத்திருக்கிற எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கிழங்கு குவிக்கிற களத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்ப்பார்கள். அந்த மூன்று வாரம் வகுப்பறைகள் பாதி காலியாகக் கிடக்கும். எங்கள் அப்பா காலத்தில் ஆசிரியர்கள் இதைக் கண்டுகொள்ளவே மாட்டார்களாம். எங்கள் காலத்தில் கிளிக்கர் வந்துவிட்டது.

கிளிக்கர் என்பது டிவி ரிமோட்டில் பாதி அளவு. ஐந்து பட்டன். ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். வகுப்பு நடுவில் திரையில் மூன்று கேள்விகள் வரும். கேள்விக்கு நாற்பது விநாடி. அமுக்கினால் வந்தாய் என்று அர்த்தம், அமுக்காவிட்டால் வரவில்லை என்று அர்த்தம். விடை சரியா தவறா என்று மதிப்பெண் கிடையாது. ஆனால் யார் என்ன அமுக்கினார்கள் என்பது கணினியில் பதிவாகும். வருகைக்கு மட்டும் இருபது மதிப்பெண். மூன்று வகுப்புக்கு மேல் தவறினால் பாடமே பெயில். வருகைப் பிரிவு என்று ஓர் அலுவலகம் திறந்து, வகுப்புக்கு வருகிறவர்கள்தான் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று நடைபாதை முழுக்க வண்ணப் படம் ஒட்டியிருந்தார்கள்.

போன வருடம் நான் அறுவடைக்குப் போனேன். ஐந்து வகுப்பு போயிற்று, பாடமும் போயிற்று. நர்சிங் பிரிவில் இடம் வேண்டுமானால் புள்ளியியலில் நூற்றுக்கு எழுபத்து மூன்று வேண்டும். இரண்டு தடவைதான் எழுதலாம். இது இரண்டாவது தடவை. இதுவும் போனால் அந்தக் கதவு எனக்கு மூடிவிடும். மூன்று கோடை முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றி, கட்டுப் பிரித்து, இதுதான் என் வேலை என்று நான் முடிவு செய்ததெல்லாம் வீண்.

இந்த வருடம் நான் அறுவடைக்குப் போகவில்லை. புத்தி வந்ததால் அல்ல. ஆகஸ்டில் அண்ணனின் வண்டியிலிருந்து விழுந்து கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஊன்றுகோலோடு கிழங்குக் களத்தில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் கோல்ட்டர் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். என்னோடு முதல் வகுப்பிலிருந்து படித்தவன். பின்னாலேயே என் அறைத்தோழி ஜோயெல், இன்னும் நாலு பேர்.

"சிக்னி, உன் காலு உடைஞ்சது ஆண்டவன் செயல்," என்றான்.

"உன் பல்லு உடைஞ்சா அதுவும் ஆண்டவன் செயல்தான். பரவாயில்லையா?"

"கோவிச்சுக்காத. நீ எப்படியும் அங்க உக்காந்துதான் இருக்கப்போற. கூட ஆறு பட்டனை அமுக்கினா விரலா தேஞ்சுடும்?"

"மாட்டினா?"

"நூத்தம்பது பேர் உக்காந்திருக்கிற எடத்துல யாருடி தலையை எண்ணப்போறாங்க?" என்றாள் ஜோயெல். "எங்கம்மா உனக்குன்னே ஒரு தட்டு ஹாட்டிஷ் செஞ்சு அனுப்புறாங்க. கறியும் காயும் போட்டு அடுப்புல சுட்டது, மேல உருளைக்கிழங்கு மொறுமொறுன்னு இருக்கும்."

"இப்பதான் நீ மனுஷி மாதிரி பேசுற."

சரி என்று சொன்னேன். ஹாட்டிஷுக்காக மட்டும் அல்ல. ஊரே களத்தில் இருக்கும்போது நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதுவும் ஒரு ஷிப்டு என்று நினைத்துக்கொண்டேன். ஆறு கிளிக்கரையும் ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளியில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் ஒட்டினேன். மேலே ஒரு கம்பளித் தொப்பி. வகுப்பின் கடைசி வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வாளி மடியில் அடங்கிவிடும்.

முதல் நாள் முதல் கேள்விக்கு எனக்குத் தோன்றிய விடையையே ஏழிலும் அமுக்கினேன். ஏழும் தப்பு. திரையில் எந்த விடைக்கு எத்தனை பேர் என்று பட்டை பட்டையாகக் காட்டினார்கள். என் பட்டையில் மொத்தமே பதினோரு பேர். அதில் ஏழு நான். இப்படி மூன்று வாரம் போனால் குருடனுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

திருடினாலும் ஒழுங்காகத் திருட வேண்டும் என்பது என் கொள்கை. அடுத்த கேள்வியிலிருந்து அவரவர் எப்படி யோசிப்பார்களோ அப்படியே அமுக்க ஆரம்பித்தேன். பத்துப் பண்ணைகளின் விளைச்சல் கொடுத்திருந்தது. அதில் ஒன்று வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. எந்த அளவு அதிகம் மாறாது என்று கேள்வி. சரியான விடை, வரிசையில் நடுவில் நிற்கிற பண்ணையின் அளவு. ஆனால் கோல்ட்டர் சராசரி என்றுதான் சொல்வான், ஏனென்றால் அவன் அப்பா சாப்பாட்டு மேஜையில் ஏக்கருக்குச் சராசரி விளைச்சல் தவிர வேறு எதுவும் பேச மாட்டார். ஜோயெல் எது நீளமான விடையோ அதை அமுக்குவாள். வேட் என்றொருவன், 'மேற்கண்ட எதுவும் இல்லை' என்று இருந்தால் அதுதான், அவன் யாரையும் நம்ப மாட்டான். மற்ற மூவருக்கும் இப்படியே ஆளுக்கொரு கோணல் கண்டுபிடித்தேன்.

இதில் ஒரு சிக்கல். கோல்ட்டர் மாதிரித் தப்பாக யோசிக்க வேண்டுமானால் எது சரி என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரியான பாதை தெரிந்தால்தானே எந்த இடத்தில் அவன் வழி தவறுவான் என்று சொல்ல முடியும்! நாற்பது விநாடியில் ஒரு சரியான விடை, ஆறு நம்பும்படியான தப்பு விடை. அதனால் முந்தைய நாளே பாடத்தைப் படித்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. வகுப்பில் எங்கள் பேராசிரியர் டாக்டர் பெல்கார்ட் பேசும்போது, 'ஆ, இந்த இடத்தில் வேட் சறுக்குவான்' என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். இரண்டாவது வாரம் முடிவதற்குள் பாடம் எனக்குக் கைரேகை மாதிரி ஆகிவிட்டது.

நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். வெயில் ஏறினால் அறுவடையை நிறுத்திவிடுவார்கள். சூடான கிழங்கைக் குவித்தால் உள்ளேயே அழுகிவிடும். அன்றைக்கு ஆறு பேருக்கும் விடுமுறை. வகுப்புக்கு வருவார்கள் என்று நினைத்து வாளியைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. அறைக்குப் போனால் ஜோயெல் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குப்புறப் படுத்திருக்கிறாள்.

"இன்னைக்காவது வந்திருக்கலாமேடி!"

"எதுக்கு?" என்றாள் தலையணைக்குள்ளிருந்து. "நான்தான் வந்துட்டேனே. உன் வாளியில."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாளியை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஊன்றுகோல் இடித்தது, விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. வாளியோடு நான் போன ஆறாவது வகுப்பு. பத்தே முக்காலுக்கு முடிந்தது. ஒரு மணிக்கு மேல் நான் மதிய சூப்பைக் குடிக்க உட்கார்ந்தபோது கோல்ட்டரிடமிருந்து போன்.

"சிக்னி! இங்க யார் வந்தாங்க தெரியுமா? நம்ம பெல்கார்ட்! அவங்க அண்ணன் லாரியை ஓட்டிக்கிட்டு வந்தாங்க. பெரிய லாரிடி. கிழங்கு கொட்டுற மேடையில ஒரே ஏத்துல ஏத்தி நிறுத்திட்டாங்க, அப்படியே அசந்துபோயிட்டேன்."

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. "உன்னைப் பாத்தாங்களா?"

"பாக்காம? நான்தானே அவங்க லாரியிலருந்து சாம்பிள் கிழங்கு எடுத்தேன். கண்ணாடியை இறக்கி, எப்ப வந்தேன்னு கேட்டாங்க. காலையில ஏழு மணியிலருந்து நிக்கிறேன் டாக்டர், இடுப்பே ஒடிஞ்சுபோச்சுன்னேன். பாவம், நல்லா தண்ணி குடின்னாங்க."

"கோல்ட்டர்."

"என்ன?"

"இன்னைக்குக் காலையில பத்தரை மணிக்கு நீ அவங்க வகுப்புல மூணு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் நியாயமாகச் சொன்னால் அவனைத் திட்ட முடியாது. எங்கள் ஊரில் எவனும் அதே தப்பைத்தான் செய்திருப்பான். அறுவடையில் பேராசிரியர் லாரியில் வருவதும், மாணவன் சேறும் சகதியுமாக நின்று கையாட்டுவதும் அவ்வளவு சாதாரணம். ஒளிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"நான் வேணா அவங்ககிட்ட பேசட்டுமா?" என்றான் கடைசியில்.

"நீ பேசினது போதும்!"

பெல்கார்ட் கூப்பிடும்வரை காத்திருப்பது என் சுபாவத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஊன்றுகோலை ஒரு கையிலும் வாளியை இன்னொரு கையிலுமாக டாக்டர் பெல்கார்டின் அறைக் கதவைத் தட்டினேன். ஐம்பது வயது இருக்கும், குள்ளமான ஆள், தலைமுடியை இறுக்கிப் பின்னியிருப்பார். நகத்தில் இன்னும் கருப்பு மண் இருந்தது. வாளியை மேஜைமேல் வைத்துத் தொப்பியை எடுத்தேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "உன்னோடதைச் சேத்து ஏழு," என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்து சாயங்காலம் பதிவை எடுத்துப் பாத்தேன். கோல்ட்டரோட விடை வந்த நேரத்தைப் பாத்தா, அதோட ஒட்டிக்கிட்டே இன்னும் ஆறு பேர். நாலு செகண்டுக்கு ஒண்ணு, எப்பவும் ஒரே வரிசை. முதல்ல வர்றது உன்னோடது." கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு மட்டும் புரியல. முதல் கேள்வியைத் தவிர ஒரு கேள்விக்குக்கூட ஏழு பேரும் ஒரே மாதிரி சொல்லல. கோல்ட்டர் மட்டும் ஏன் ஓயாம சராசரியிலயே போய் விழறான்?"

"அவன் அப்படித்தான் டாக்டர். அவங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான்."

"அந்த வேட்?"

"அவன் யாரையும் நம்பமாட்டான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார், ஆனாலும் தோள் குலுங்கியது. நான் தப்பித்தேன் என்றே நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். சிரித்து முடித்ததும் அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"இதை நான் எழுதித்தான் ஆகணும். நீ நல்லாத்தான் செஞ்சிருக்க, ஆனா செஞ்சது பொய். அந்த ஆறு பேரும் பாடத்தை விட்டு விலகிக்கட்டும், ஜனவரியில மறுபடி எடுக்கலாம். அவங்களுக்கு முதல் தடவைதான், ஒண்ணும் குடிமுழுகிப் போகாது. உன்னை அந்த மூணு வகுப்பு விதியை வெச்சு பெயில் பண்ணமாட்டேன், ஆனா உனக்கு வருகை மார்க் இருபதும் போச்சு. அக்டோபருக்கு மட்டும் இல்ல. செப்டம்பர்லருந்து டிசம்பர் வரைக்கும் பூஜ்யம். உன் கிளிக்கர் நம்பரையும் மூடிருவேன்."

"நானும் விலகினா?"

"நர்சிங்காரங்க விலகினதையும் ஒரு தடவைன்னுதான் எண்ணுவாங்க. நேத்தே கேட்டுட்டேன்."

நேற்றே கேட்டிருக்கிறார். அது எனக்கு எங்கேயோ குத்தியது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். முதல் தேர்வில் இருபதுக்குப் பதினேழு. மிச்சம் ஒரு தேர்வுக்கு இருபது, இறுதித் தேர்வுக்கு நாற்பது. எல்லாம் முழுசாக வாங்கினாலும் எழுபத்தேழுதான்.

"நாலு மார்க்," என்றேன். "நாலு மார்க்தான் விடலாம்."

"ஆமா. அஞ்சு விட்டா நர்சிங் இல்ல."

கெஞ்சியிருக்கலாம். காலைக் காட்டி அழுதிருக்கலாம். எனக்கு அது வராது. "அப்ப விடமாட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே வந்து கழிவறையில் பத்து நிமிடம் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஆறு பேரும் அன்றைக்கே விலகினார்கள். கோல்ட்டர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்து வாசலில் நின்றான். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஜனவரியில எனக்குச் சொல்லிக்குடுப்பியா?" என்று கேட்டான். ஊன்றுகோலைத் தூக்கினேன். ஆப்பிளை வைத்துவிட்டு ஓடினான்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனேன். கடைசி வரிசைக்குப் போகவில்லை, முதல் வரிசை. கிளிக்கர் இல்லை, மடியில் ஒன்றும் இல்லை. திரையில் கேள்வி வந்ததும் நூற்றைம்பது கை அமுக்குகிற சத்தம், நான் மட்டும் சும்மா. அந்த நாற்பது விநாடியில் பழக்க தோஷம், விரல் தானாக மடங்கும்: இது சரி, இது கோல்ட்டர், இது ஜோயெல், இது வேட். பக்கத்தில் இருந்த பெண் ஒருநாள் கேட்டாள்:

"உனக்குத்தான் வருகையே கிடையாதாமே. பின்ன எதுக்கு வர்ற?"

"படிக்க," என்றேன்.

என்னை ஏதோ வேற்றுக்கிரகத்து ஆள் மாதிரிப் பார்த்தாள்.

உண்மையில் எனக்கே அது புதிதாக இருந்தது. எண்ணுவதற்கு ஆள் இல்லை, போனாலும் போகாவிட்டாலும் பூஜ்யம்தான். ஒரு நாள் பனிப்புயல் வந்து பாதி வகுப்பு வரவில்லை. நான் கால் கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு போனேன். வருகைப் பிரிவிலிருந்து வாரம் தவறாமல் எனக்கு ஒரு கடிதம் வரும். 'அன்புள்ள சிக்னி, இந்தப் பருவத்தில் நீங்கள் இன்னும் ஒரு வகுப்புக்குக்கூட வரவில்லை. வகுப்புக்கு வருவதன் நன்மைகளைப் பற்றி எங்கள் ஆலோசகரிடம் பேசுங்கள்.' இதை நான் பெரும்பாலும் வகுப்பில் உட்கார்ந்துகொண்டுதான் படிப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழிப்பேன்.

டாக்டர் பெல்கார்ட் அந்த நாட்களில் என்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்த மாதிரிகூட இல்லை. எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. ஒரு தலையசைப்புக்குக்கூடவா பஞ்சம்?

நவம்பர் தேர்வில் இருபதுக்குப் பத்தொன்பது. ஒன்று போனது. மிச்சம் மூன்று.

இறுதித் தேர்வு அன்று வெளியே மைனஸ் இருபத்தைந்து. தாளைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு கேள்வியிலும் நாலு தப்பு விடையும் எனக்குத் தெரிந்த முகங்களாக இருந்தன. இதோ கோல்ட்டர் நிற்கிறான், இதோ ஜோயெல் நீட்டி முழக்குகிறாள், ஓரமாக முறைத்துக்கொண்டு வேட். அவர்கள் அத்தனை பேரையும் தாண்டி நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் முன்னாலேயே முடித்து, இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து முடிவு தெரிந்துகொள்ள அவர் அறைக்குப் போனேன். போனிலேயே பார்த்திருக்கலாம். நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"நாப்பதுக்கு முப்பத்தொம்பது," என்றார். "மொத்தம் எழுபத்தஞ்சு. இறுதித் தேர்வுல வகுப்புலயே நீதான் முதல்."

"அந்த ஒரு மார்க் எங்க போச்சு?"

"நன்றி சொல்லுவேன்னு பாத்தா சண்டைக்கு வர்ற." ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "உக்காரு. ஒண்ணு காட்டணும்."

கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு வரைபடம். கீழே வருகை, பக்கவாட்டில் இறுதித் தேர்வு மதிப்பெண், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் எல்லாம் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குக் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, இடது மேல் மூலையில் தன்னந்தனியாக இருந்தது. வருகை பூஜ்யம். மதிப்பெண் முப்பத்தொன்பது.

"நான்தானே?"

"நீதான். வருகைப் பிரிவுலருந்து காலையில போன் பண்ணினாங்க. அடுத்த வருஷ அறிக்கையில இந்தப் படத்தைப் போடறாங்களாம். அந்த ஒரு புள்ளி படத்தையே கெடுக்குது, எடுத்துடலாமான்னு கேட்டாங்க. வகுப்புக்கே வராத பொண்ணு முதல் மார்க் வாங்கினான்னு தெரிஞ்சா மத்த பிள்ளைங்க கெட்டுப்போயிடுமாம்."

"வராத பொண்ணா?" எனக்குச் சுருக்கென்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"எடுக்கக் கூடாதுன்னேன். பூஜ்யத்தையும் மாத்தமாட்டேன். அது நான் குடுத்த தண்டனை, நியாயமான தண்டனை." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா கீழ ஒரு குறிப்பு எழுதியிருக்கேன். அது இல்லாம படத்தை அச்சடிச்சா என் பேரைப் போடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

விரலால் திரையின் அடியைக் காட்டினார். சின்ன எழுத்து, குனிந்து படித்தேன். 'இந்த மாணவி இருபத்தெட்டு வகுப்புக்கும் வந்தார். கடைசிப் பன்னிரண்டில் அவர் வருகை எதற்கும் எண்ணப்படாது என்று தெரிந்தே வந்தார். கருவியில் இது பதிவாகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.'

மதிப்பெண்ணைக் கேட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. அடக்கவும் இல்லை. அவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு பேருக்கு மூன்று வாரம் நான் வருகை போட்டேன். எனக்குப் போட்டவர் இவர் ஒருவர்தான்.